சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: தொழிற்சாலைப் பயிற்சியில் ஏஐ

பினாங்கின் பாயான் லெப்பாஸ், பிறை பக்கத்து நடுத்தரத் தொழிற்சாலைகளில் பயிற்சித் துறை என்றால் பல இடங்களில் ஒரே ஆள்தான். நானூறு ஆப்பரேட்டர்கள், மூன்று ஷிஃப்ட், நாலைந்து மொழிகள், அத்தனைக்கும் ஒரு எக்செல் ஃபைல். அந்த ஆள் இப்போது கேட்கிற கேள்வி, “எந்த ஏஐ-யை வாங்கலாம்?” அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. வாங்கப்போகும் ஏஐ எந்தக் காகிதத்தைப் படிக்கப்போகிறது?

ஒரு எஸ்ஓபியை, அதாவது வேலையைப் படிப்படியாகச் சொல்லும் தாளை, எடுத்துக்கொள்ளுங்கள். “சால்டர் பேஸ்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் திறக்கவும்.” சால்டர் பேஸ்ட் என்பது சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் உலோகப் பசை. பத்து வருடம் வேலை பார்த்தவருக்கு இந்த வரி போதும். எத்தனை மணி நேரம் என்று எழுதவில்லையே என்று அவர் யோசிப்பதுகூட இல்லை, கை தானாகச் செய்துவிடும். இதை ஏஐ-யிடம் கொடுத்து “பயிற்சிக் குறிப்பு தயாரி” என்றால், விட்டுப்போன எண்ணை அதுவே நிரப்பும். “30 நிமிடம்” என்று கூச்சமில்லாமல் எழுதும். பேஸ்ட் தயாரிப்பாளரின் தாளில் பெரும்பாலும் சில மணி நேரம் என்று இருக்கும். பினாங்கின் ஈரக்காற்றில் டப்பாவைச் சீக்கிரம் திறந்தால் உள்ளே வியர்க்கும், அந்த நீர் ஓவனில் கொதித்துத் தெறித்து, போர்டில் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சால்டர் கிடக்கும். பழியோ புதிதாகச் சேர்ந்த ஆப்பரேட்டர் மேல் விழும்.

அதனால் முதல் வேலை, ஏஐ-யை எழுத வைப்பதல்ல, ஓட்டை தேட வைப்பது. கட்டளை இப்படி இருக்கட்டும்: “இந்த எஸ்ஓபியில் எண், நேரம், அளவு, பொறுப்பாளர் எது விட்டுப்போயிருக்கிறதோ அந்தப் படிகளை மட்டும் பட்டியலிடு. ஒவ்வொன்றுக்கும் படி எண்ணைக் குறிப்பிடு. நீயாக எதையும் நிரப்பாதே.” பன்னிரண்டு பக்க எஸ்ஓபியில் இருபது முப்பது ஓட்டை வருவது சாதாரணம். அதை அச்செடுத்து, புரோசஸ் இன்ஜினியரிடமும் லைன் லீடரிடமும் கொடுத்து நிரப்ப வேண்டும். அவர்கள் இருவரும் வேறு வேறு எண் எழுதினால் சந்தோஷப்படுங்கள். தகராறு லைனில் வெடிப்பதற்கு முன் காகிதத்தில் வந்துவிட்டது.

இன்னொரு குப்பை, ரிவிஷன், அதாவது ஒரே ஆவணத்தின் திருத்திய பதிப்புகள். ஷேர்டு டிரைவில் ரிவிஷன் 4, ரிவிஷன் 5, ரிவிஷன் 5 ஃபைனல், ரிவிஷன் 5 ஃபைனல் புதுசு என்று நான்கு கிடக்கும். மனிதன் தேதியைப் பார்த்து எடுப்பான். ஏஐ நான்கையும் கலந்து ஒரு பதில் சொல்லும், அதுவும் அழகாகச் சொல்லும். நடப்பில் உள்ள ஒன்றை மட்டும் தனி ஃபோல்டரில் வையுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்-ஆக இருந்தால் அட்டவணைகளைக் கண்ணால் சரிபாருங்கள். ஒரு கட்டம் நகர்ந்தால் போதும், மேல் வரம்பு கீழ் வரம்பாகிவிடும்.

ஆவணம் சுத்தமான பிறகுதான் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பாட் பற்றிப் பேசலாம். இது ஆவணங்களைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துக்கொண்டு, கேள்விக்குப் பொருந்தும் துண்டைத் தேடி எடுத்து, அதை வைத்துப் பதில் எழுதும். பல கருவிகள் இத்தனை சொல்லுக்கு ஒரு வெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டும். அப்போது “கதவைத் திறக்கவும்” ஒரு துண்டிலும், “அதற்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கவும்” இன்னொரு துண்டிலும் போய் உட்காரும். வெட்டு, வேலைப் படிகளின் எல்லையில் விழ வேண்டும். எச்சரிக்கை வரி அதன் படியோடு ஒட்டியே இருக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் ஆவண எண், ரிவிஷன், மெஷின் பெயர் மூன்றும் இருக்கட்டும். பாட் பதில் சொல்லும்போது அவற்றையும் சேர்த்துக் காட்டட்டும்.

சோதிக்கும்போது முப்பது கேள்வி தயார் செய்தால், பத்துக்காவது ஆவணத்தில் விடையே இல்லாததாக இருக்கட்டும். “எஸ்ஓபியில் இல்லை, லைன் லீடரைக் கேளுங்கள்” என்று சொல்லத் தெரியாத பாட்டை லைனுக்குள் விடக்கூடாது. கேள்விகளையும் மேசையில் உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதாதீர்கள். “அண்ணே, அலாரம் அடிக்கிது, ரீசெட் போட்டா போதுமா, இல்ல டெக்னீஷியன கூப்புடணுமா?” என்றுதான் உண்மையில் கேட்பார்கள், நடுவில் இரண்டு மலாய்ச் சொல்லும் விழும்.

மொழி என்று வந்தால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மெஷினுக்குப் பாகங்களை வரிசையாகத் தரும் ஃபீடர் என்பதை ஏஐ “ஊட்டி” என்று மொழிபெயர்க்கும். ஆப்பரேட்டருக்கு நீலகிரிதான் ஞாபகம் வரும். சால்டர் பேஸ்ட் “பற்றாசுப் பசை” ஆகும். இவை சிரிப்போடு போய்விடும். மின் இணைப்பில் வரும் கிரவுண்ட் (எர்த்) என்பது “தரை” ஆனால் சிரிக்க முடியாது, வயரைத் தரையில் போடச் சொல்கிறதோ என்று படிக்க வாய்ப்பிருக்கிறது. லைனில் புழங்கும் அறுபது எழுபது சொற்களை லைன் லீடரோடு உட்கார்ந்து பட்டியலிட்டு, “இவற்றை மொழிபெயர்க்காதே, இப்படியே எழுது” என்று ஒவ்வொரு கட்டளையோடும் சேர்த்துக் கொடுங்கள். ரீல், ஃபீடர், ஸ்டென்சில், ஜிக், ரிஜெக்ட், ரீவொர்க், எல்லாம் அப்படியே இருக்கட்டும். தமிழ் வளர்க்க வேறு இடம் இருக்கிறது.

அதோடு, வீட்டில் தமிழ் பேசி தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. அவர்களுக்கு எழுத்து மலாயிலும் விளக்கம் தமிழ் ஒலியிலும் இருந்தால் நன்றாக ஏறும். இரண்டு நிமிட ஒலி, ஒரு வேலைப் படி, அதற்கு மேல் வேண்டாம். நேப்பாளி, பர்மிய மொழி, வங்காளம் ஆகியவற்றில் ஏஐ தந்ததை அந்த மொழிக்காரர் ஒருவர் படிக்காமல் ஒட்டாதீர்கள். மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்க்கும் வழி இருக்கிறது. அது பெரிய தப்பைப் பிடிக்கும், “செய்யலாம்” என்பதும் “செய்தே ஆகவேண்டும்” என்பதும் குழம்பியதைப் பல நேரம் விட்டுவிடும். மலாயில் வாஜிப் (கட்டாயம்), பெர்லு (தேவை) இரண்டும் ஒன்றல்ல. எச்சரிக்கை வரிகளை மட்டுமாவது ஆள் வைத்துப் பாருங்கள்.

கேள்வித்தாள் தயாரிப்பில்தான் ஏஐ உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அப்படியே எடுத்தால் தேர்வு கெட்டுவிடும். சரியான விடைதான் நான்கில் நீளமாக இருக்கும். விடை இரண்டாவதிலோ மூன்றாவதிலோ அடிக்கடி விழும். தவறான விடைகளில் ஒன்று சிறுபிள்ளைகூட ஒதுக்கிவிடும்படி இருக்கும். எஸ்ஓபியைப் படிக்காதவரும் எழுபது எண்பது மார்க் வாங்கிவிடுவார். நாற்பது கேட்டு வாங்கி, பன்னிரண்டை வைத்துக்கொள்ளும் மனநிலையோடு போங்கள். தவறான விடைகள், லைனில் ஆட்கள் நிஜமாகச் செய்யும் தவறுகளாக இருக்க வேண்டும். அதற்கு ரிஜெக்ட் அறிக்கையின் ஆறு மாதக் குறிப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

“ரிஸ்ட் ஸ்ட்ராப் ஏன் அணிகிறோம்?” என்பது மனப்பாடக் கேள்வி (அது உடலில் சேரும் நிலைமின்சாரத்தை வெளியேற்றும் மணிக்கட்டுப் பட்டை). “சோதனைக் கருவி சிவப்பு காட்டுகிறது, ஷிஃப்ட் தொடங்க இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?” என்பது வேலைக் கேள்வி. பொதுவாகப் பின்பற்றப்படும் இஎஸ்டி (நிலைமின் பாதுகாப்பு) தரத்தில் ரிஸ்ட் ஸ்ட்ராப் அமைப்பின் மேல் வரம்பு 35 மெகாஓம். தோல் வறண்டிருந்தாலும் பட்டை தளர்ந்திருந்தாலும் அதைத் தாண்டும். வயரில் உள்ள 1 மெகாஓம் ரெசிஸ்டர், கை தவறி மின்சாரத்தில் பட்டால் உடல் வழியே ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதற்கு. அவசரத்தில் அந்த ரெசிஸ்டரைத் தவிர்த்து வேறு வயரைக் கட்டுபவர் இருப்பார், தவறான விடையாக அதைத்தான் போட வேண்டும்.

தேர்வு முடிந்ததும் கேள்விகளுக்கும் மார்க் போடுங்கள். எல்லோரும் சரியாக எழுதிய கேள்வி எதையும் அளக்கவில்லை. மொத்தத்தில் நல்ல மார்க் எடுத்தவர்களே தவறவிட்ட கேள்வியில், பெரும்பாலும் விடைக்குறிப்புதான் தப்பு. பிறகு, மறதி. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-இல் தன்னையே சோதித்து எழுதியதுதான் இன்றும் நிலைமை: கற்ற முதல் நாளிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். ஒரே நாளில் ஐம்பது கேள்வி கேட்பதைவிட, மறுநாள் மூன்று, அடுத்த வாரம் மூன்று, அடுத்த மாதம் மூன்று, அதுவும் ஷிஃப்டுக்கு முந்தைய கூட்டத்தில். இந்தச் சுழற்சிக்குக் கேள்விகள் நிறைய வேண்டும். ஏஐ இல்லாமல் ஒற்றை ஆளால் அது முடியாது.

திறன் அட்டவணைக்கு வருவோம். யாருக்கு எந்த மெஷின் தெரியும், சான்றிதழ் எப்போது முடிகிறது என்ற அந்தப் பெரிய எக்செல். தேதிக் கணக்கை ஏஐ-யிடம் விடாதீர்கள், தப்புப் போடும். மின்னணு போர்டுகளின் தரத்தைச் சொல்லும் ஐபிசி-ஏ-610-இன் சான்றிதழ் 24 மாதம் செல்லும் என்றால், ஒரு எக்செல் ஃபார்முலா அதைப் பிசகாமல் கணக்கிட்டு 90 நாளுக்கு முன்பே மஞ்சள் காட்டும். ஏஐ-க்கு உரிய வேலை அழுக்கெடுப்பது. நம் பெயர்களைத்தான் பாருங்களேன். இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி ஒரு பட்டியலில் சாய்கோட்டோடு, இன்னொன்றில் இல்லாமல், மூன்றாவதில் அப்பா பெயரே இல்லாமல். சுப்பிரமணியம் என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைத்தால் ஒரே ஆள் மூன்று பேராவார், அல்லது இரண்டு பேர் ஒருவராகிப் பயிற்சியில்லாதவர் பயிற்சி பெற்றவராகிவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து. இணைப்பு எப்போதும் ஊழியர் எண்ணை வைத்தே நடக்கட்டும். “இவர்கள் இருவரும் ஒருவரோ?” என்ற சந்தேகப் பட்டியலை மட்டும் ஏஐ தரட்டும், முடிவு உங்கள் கையில்.

அடையாள அட்டை எண், பெயர், தேர்வு மார்க் மூன்றையும் சேர்த்து இலவச சாட் தளத்தில் ஒட்டும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-க்கு 2024-இல் திருத்தம் வந்து, தரவுக் கசிவைத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. பெயரும் அடையாள அட்டை எண்ணும் இல்லாமல், உங்களுக்கு மட்டும் புரியும் மாற்று எண்ணோடு அனுப்பினாலே அழுக்கெடுப்பு தவிர மற்ற வேலைகள் முக்கால்வாசி நடக்கும்.

ஊழியர் பயிற்சிக்காக முதலாளிகள் கட்டும் எச்ஆர்டி கோர்ப் லெவி பற்றி இரண்டு வரி. சட்டத்துக்குள் வரும் துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காடு கட்டுகின்றன, ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவை விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். மானிய விண்ணப்பம் பயிற்சி தொடங்கும் முன் போயாக வேண்டும். மணி வாரியான அட்டவணை, நோக்கங்கள், பாடச் சுருக்கம் ஆகியவற்றை ஏஐ அரை மணியில் எழுதித் தரும். வருகைப் பதிவையும் மதிப்பீட்டையும் அது தொடவே கூடாது.

பயிற்சி முடிந்து “பயிற்சி எப்படி?” என்று வாங்கும் தாள்களை ஏஐ-யிடம் சுருக்கச் சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. இருபத்தைந்து தாளை நீங்களே படிக்கப் பத்து நிமிடம் ஆகும், படியுங்கள். பயிற்சியை மதிப்பிட டொனால்டு கிர்க்பேட்ரிக் 1959-இலேயே சொன்ன நான்கு படிகளில் அது முதல் படி மட்டும்தான். மூன்றாவது படி, வேலையில் நடத்தை மாறியதா என்பது. முப்பது நாள் கழித்து லைன் லீடர் ஐந்து அம்சப் பட்டியலோடு பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஒரு லைனில் புது முறை, அதே பொருள் ஓடும் இன்னொரு லைனில் பழைய முறை, இரண்டின் ரிஜெக்ட் எண்ணிக்கையையும் எட்டு வாரம் பக்கத்தில் வையுங்கள். ஒரே லைனில் முன்-பின் பார்த்தால், இடையில் பொருள் மாறியதற்கும் பயிற்சிக்கும் வித்தியாசம் தெரியாது.

கைவேலைக்கான சான்று ஏஐ தரக்கூடியதல்ல. லாக்அவுட் (பழுதுபார்க்கும்முன் மெஷினின் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுவது) செய்யும்போது பூட்டு போட்டபின் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், காற்றழுத்தத்தையும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தையும் வெளியேற்றியிருக்க வேண்டும். ஏஐ எழுதும் பாடத்தில் இந்தத் தேங்கிய சக்தி பல நேரம் காணாமல் போகும். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இல், தகவல், போதனை, பயிற்சி, மேற்பார்வை நான்கையும் தரும் கடமை முதலாளிக்கு. 2024 ஜூன் 1 முதல் திருத்தச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. “சிஸ்டம் அப்படித்தான் சொன்னது” என்பது அங்கே செல்லாது.

எழுதாத அறிவு ஒன்றும் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1972-இல் தாராள வாணிப வட்டாரம் வந்தபோது சேர்ந்தவர்கள் எப்போதோ ஓய்வுபெற்றார்கள். அவர்களிடம் கற்றவர்களும் இப்போது அறுபதை நெருங்குகிறார்கள். ஓய்வுக்கு முன் அப்படி ஒரு டெக்னீஷியனை இருபது நிமிடம் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் மெஷின் பக்கத்தில் அல்ல. ஓப்பன்ஏஐ 2022-இல் வெளியிட்ட விஸ்பர் போன்ற ஒலி-எழுத்துக் கருவிகள், சத்தத்திலும் நீண்ட மௌனத்திலும் பேசாத வாக்கியங்களை இட்டுக்கட்டும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினால் ஏதோ ஒரு மொழிக்குள் எல்லாவற்றையும் திணிக்கும். அமைதியான அறை, மெஷினின் படங்கள் மேசையில், “எப்போது சந்தேகம் வரும்? சத்தத்தில் என்ன மாறும்?” என்ற மாதிரிக் கேள்விகள். வந்த எழுத்தை அவருக்கே திரும்பப் படித்துக் காட்டுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ரீவொர்க் அதிகமாக வரும் ஒரே ஒரு எஸ்ஓபியில். ஓட்டை தேடல், நிரப்பல், சொற்பட்டியல், பன்னிரண்டு கேள்வி, ஆறு ஒலித்துண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒலிக்கும் மொழிபெயர்ப்புக்கும் பக்கத்தில் எஸ்ஓபியின் படி எண்ணை எழுதி வையுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தால் விட்டவர்களுக்கு ரிவிஷன் 6 வரும் அன்றுதான் வலிக்கும். படி 7.3-இல் ஒரு எண் மாறியிருக்கும், அது எந்த மூன்று கேள்வியில், எந்த நேப்பாளி ஒலியில், எந்தச் சுவரொட்டியில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.