பெரிய துறைமுகம்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 3

இன்றும் சின்னவனுக்குத் தியோடர்தான், பேசும் குட்டி இழுவைப் படகின் கதை. காலை மருந்துக்கு முன்னால் ஒன்று, மதியம் சளி எடுத்த பிறகு ஒன்று, தூங்கப் போகும்போது இரண்டு. மொத்தம் 130 பகுதிகள் இருக்கின்றன என்பதால் பிழைத்தோம். 1993-லிருந்து 2001 வரை கனடாவின் சிபிசி டிவியில் வந்த தொடர். இவன் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே முடிந்துபோனது. நேற்றுதான் எடுத்தார்கள் என்பது போல உட்கார்ந்து பார்க்கிறான்.

டிசம்பர் 4

மூச்சுக்காகக் கழுத்தில் போட்டிருக்கும் டியூபை மாற்றினோம். அழுதான். சத்தமே வராமல் ஒரு குழந்தை அழுவதைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

டிசம்பர் 6

காலை ஒன்பது மணிக்கு மணி அடித்தார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் ஹாலிஃபாக்ஸ் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறது. 1917-இல் வெடிமருந்து ஏற்றி வந்த மோன்-பிளாங்க் கப்பலும் இமோவும் துறைமுகத்தின் குறுகலான இடத்தில் மோதிக்கொண்டன. மோன்-பிளாங்க் தீப்பிடித்து வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் செத்தார்கள். ஜன்னல் வழியாகத் தீயை வேடிக்கை பார்த்தவர்கள் பலரின் கண்கள் கண்ணாடி சிதறிப் போயின.

வெடிப்பதற்கு முன்னால், ஸ்டெல்லா மாரிஸ் என்று ஓர் இழுவைப் படகு. தான் இழுத்துக்கொண்டு போன தட்டுப் படகுகளை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, எரிகிற கப்பலை நோக்கித் திரும்பிப் போனது. குழாயால் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். கேப்டனும் ஆட்களில் பெரும்பாலோரும் அங்கேயே போய்விட்டார்கள்.

தொடரில் வரும் ஃபோடக்கைச் சின்னவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. எப்போதும் ஆபத்து, ஆபத்து என்கிறானாம். பாதுகாப்புப் படகு வேறு எப்படிப் பேசும்? அதிலும் இந்த ஊர்த் துறைமுகத்தில். ஃபோடக் வரும்போதெல்லாம் எனக்கு ஸ்டெல்லா மாரிஸ் ஞாபகம் வருகிறது. இருப்பதிலேயே எனக்கு அவனைத்தான் பிடிக்கும்.

டிசம்பர் 9

தூக்கம் வரவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.

தியோடர் தொடரின் படகுகளுக்கு வாய் அசைவதே இல்லை. பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி மாதிரிப் படகுகளை மிதக்கவிட்டு எடுத்தது. ரேடியோ மூலம் கண்களை மட்டும் அசைப்பார்கள். தியோடரின் சிவப்புத் தொப்பிக்குக் கீழே அந்த இரண்டு வெள்ளைக் கண்ணும் மெதுவாக இடது பக்கம் போகும், ஒரு நொடி அங்கேயே நிற்கும், திரும்பி வரும். அதற்குள் அவன் பயந்தானா, வெட்கப்பட்டானா, பொய் சொல்லப் பார்க்கிறானா, எல்லாம் நமக்குத் தெரிந்துவிடும்.

குரல் முழுக்க ஒரே ஆள், டென்னி டோஹர்டி. இதே ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். 60-களில் தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் குழுவில் பாடிப் பேர் வாங்கியவர். தொடரில் ஹார்பர்மாஸ்டராக, அதாவது துறைமுக அதிகாரியாக உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டே தியோடருக்கும் அவரே பேசுவார், மற்ற படகுகளான ஹாங்குக்கும் எமிலிக்கும் ஜார்ஜுக்கும் அவரே. குப்பை ஏற்றும் கைஸ்பரோவின் சிடுசிடுப்பும் அவருடையதுதான்.

சின்னவன் கண்ணாலேயே பேசப் பழகிவிட்டான். இடது பக்கம் பார்த்தால் சளி எடுக்க வேண்டும். மேலே பார்த்தால் தண்ணீர். என்னையே உற்றுப் பார்த்தால் "போதும், போ." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கிருந்து கற்றான் என்பது எனக்குத் தெரியும்.

நான் அவனுக்காகப் பேசுகிறேன். நர்ஸ் கேட்டால் நான்தான் பதில். "அவனுக்கு வலிக்கவில்லையாம்." "ஆப்பிள் ஜூஸ் வேண்டாமாம்." இன்று அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் கண் என் மேலேயே இருந்தது. போதும், போ. நான் சொன்னது அவன் சொல்ல நினைத்தது இல்லையோ? எத்தனை தடவை இப்படி நடந்திருக்கும்? பொம்மைப் படகுக்கு யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம், அதற்கென்று சொந்தமாக ஒரு குரல் உள்ளே காத்துக்கொண்டிருக்காது. இவனுக்கு இருக்கிறதே. அது எப்படி இருக்கும்? ஆறு வயதுக் குரல் எனக்குத் தெரியாது. ஒன்றரை வயதுக் குரல்தான் தெரியும்.

டிசம்பர் 11

அம்மா ஃபோனில் சுற்றிப் போட்டாயா என்று கேட்டாள். போட்டேன். மிளகாயை நெருப்பில் போடவில்லை, குப்பையில்தான் போட்டேன். புகை அவனுக்கு ஆகாது.

டிசம்பர் 15

மறுபடியும் அந்த வீடியோ. கடற்கரை நடைபாதையில் அப்பா தோளில் உட்கார்ந்து "போட், போட்" என்கிறான். பின்னால் தியோடர் டூ நிற்கிறது.

பொம்மை இல்லை, ஆள் ஏறுகிற படகு. 65 அடி நீளம். இதே மாகாணத்தில் டேஸ்பிரிங்கில் மரத்தில் கட்டி 2000-இல் தண்ணீரில் இறக்கினார்கள். அதே சிவப்புத் தொப்பி, அதே முகம். இருபது வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கை காட்டினார்கள். 2021-இல் ஹாமில்டன்காரர் ஒருவர் வாங்கினார், செயின்ட் லாரன்ஸ் ஆற்று வழியாக ஒன்டாரியோவுக்குப் போய்விட்டது. அந்த வருடக் கடைசியில்தான் இவனுக்கு டியூப் போட்டது.

டியூப் எடுத்ததும் நேரே போய்ப் பார்ப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது செயின்ட் கேதரின்ஸில் நிற்கிறது. எவ்வளவு தூரம் என்று மேப்பில் விரலால் அளந்து வைத்திருக்கிறான்.

டிசம்பர் 20

தியோடர் டூ மூழ்கிவிட்டது.

கட்டிப் போட்டிருந்த இடத்திலேயே. பாதி உடம்பு தண்ணீருக்குள். படம் பார்த்தேன். இந்த வாரம் பார்த்துத்தானா நடக்க வேண்டும்?

டிசம்பர் 21

அவர் சின்னவனிடம் சொல்லவே வேண்டாம் என்கிறார். ஜனவரியில் டியூப் வேலை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆண்ட்ரூ காக்ரன் இந்தத் துறைமுகத்துப் படகுகளைக் காட்டித் தன் மகனுக்குச் சொன்ன கதைகள்தான் தொடராக வளர்ந்தன. பிள்ளையிடம் பயத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். இருட்டுக் குடாவுக்குள் போக தியோடருக்குப் பயம் என்றால், பயம் இருக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்வார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஹார்பர்மாஸ்டர் மழுப்ப மாட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாரும் இவனிடம் "ஒன்றுமே வலிக்காது" என்று சொல்லியிருக்கிறார்கள். வலித்தது. நானும் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டுமா?

டிசம்பர் 23

சொன்னேன்.

படத்தையும் காட்டினேன். வெகு நேரம் பார்த்தான். அழவில்லை. எழுந்து போய்ச் சளி எடுக்கும் மெஷினின் குழாயை எடுத்து வந்தான். என் ஃபோன் திரையில், படகின் தொப்பிக்கு நேர் கீழே அதை வைத்து, என்னைப் பார்த்தான். ஸ்விட்ச் போடு.

போட்டேன்.

டிசம்பர் 25

பக்கத்து வீட்டில் பிளம் கேக் கொடுத்தார்கள். கொஞ்சம் ஊறவைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டான்.

டிசம்பர் 28

தண்ணீரை வெளியேற்றிப் படகை மிதக்க வைத்துவிட்டார்களாம்! சொன்னதும் அவன் ஆச்சரியப்படவே இல்லை. முன்பே தெரியும் என்கிற முகம். சரிதான், வழி சொன்னவனே அவன்தானே. எனக்குத்தான் சமையலறையில் நின்று ஒரு பாட்டம் அழ வேண்டியிருந்தது.

ஜனவரி 2

சின்ன அளவு டியூப் போட்டாயிற்று. ஒரு வாரத்தில் டியூபின் வாயை மூடிப் பார்ப்பார்கள். மூச்சு மூக்கு வழியாக ஒழுங்காக வந்தால் அடுத்த கட்டம்.

ஜனவரி 3

டியூபைச் சுற்றித் தோல் சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை.

ஜனவரி 5

மூடினால் தொண்டை வழியாகக் காற்று போகும். சத்தம் வரலாம் என்கிறார் டாக்டர். வராமலும் இருக்கலாம், கரகரப்பாகவும் இருக்கலாம். எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றார். எதிர்பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

தியோடருக்கும் ஹாங்குக்கும் துறைமுகத்துக்குள்ளேதான் வேலை. ஜார்ஜுக்கும் எமிலிக்கும் பேரோடு ஆங்கில "வி" எழுத்தில் தொடங்கும் ஒரு பட்டம் இருக்கிறது, அவர்கள் கடலுக்குப் போகலாம். தியோடருக்கு அது வேண்டும். தொடர் முழுக்க அந்த ஆசை இருந்துகொண்டே இருக்கும். இன்று அந்தப் பகுதி ஒன்று ஓடும்போது சின்னவன் தன் கழுத்தைத் தொட்டுக்கொண்டான்.

என்ன நினைத்தான் என்று நான் எழுதப் போவதில்லை. அவனே சொல்லட்டும்.

டோஹர்டி இறந்தது ஒரு ஜனவரியில்தான், 2007-இல். இன்று காலையில்கூட எங்கள் வீட்டில் அவர் ஆறு பேராகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 7

நர்ஸிடம் இன்று நான் பதில் சொல்லவில்லை. "அவனையே கேளுங்கள்" என்றேன். அவர் குனிந்து அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டார். நேரம் ஆனது. ஜூஸ் வேண்டுமாம். ஆரஞ்சு. இத்தனை நாளாக நான் ஆப்பிள் ஜூஸை மட்டுமே வைத்துக்கொண்டு வேண்டுமா, வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 8

இரவு பனி கொட்டும் என்கிறார்கள். நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட் உண்டா, தள்ளிப்போகிறதா என்று கேட்க ஃபோன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், யாரும் எடுக்கவில்லை. அவர் காருக்குச் சங்கிலி தேடுகிறார்