படுத்தால் நிமிரும் முதுகு

என் தந்தையார் பாம்பன் பகுதியில் நாற்பது ஆண்டுகள் கரைவலை இழுத்தவர். ஆகவே, 68 வயதில் அவர் குனிந்து நடக்கத் தொடங்கியபோது, வலை இழுத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று ஊரார் சொன்னதை நாங்களும் நம்பிவிட்டோம். நான்கு ஆண்டுகளாக அவர் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, மாத்திரை சாப்பிட்டு வந்தார் என்றாலும், கை நடுக்கத்தோடு முதுகையும் சேர்த்து எண்ணிப்பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. முதலில் காட்டிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, எலும்புத் தேய்மானம் என்று சொல்லி, ஏழு மாதங்கள் கால்சியம் மாத்திரையும் இடுப்புப் பெல்ட்டும் கொடுத்தார்கள். வியர்வையில் இடுப்பு புண்ணானதுதான் மிச்சம்.

"பகல்ல வில்லா வளைஞ்சு நடக்குற மனுசன், ராத்திரி பாயில பலகையாட்டம் கெடக்குறாரே" என்று அம்மா ஒருநாள் சொன்னார். மதுரையில் நரம்பியல் மருத்துவரிடம் நான் அதை அப்படியே ஒப்பித்தேன். அவர் அப்பாவை மல்லாக்கப் படுக்கச் சொன்னார்; முதுகு முழுவதும் கட்டிலில் படிந்தது. சுவரில் கைகளை ஊன்றி மேலே நகர்த்தச் சொன்னபோது ஏறக்குறைய நிமிர்ந்து நின்றார். கையை எடுத்துப் பத்தடி நடப்பதற்குள் மீண்டும் வளைந்துவிட்டார். எலும்பு இறுகிய கூனாக இருந்தால் படுத்தாலும் நிமிராது என்றும், நிற்கும்போது வந்து படுத்தால் மறையும் இந்த வளைவுக்குக் கேம்ப்டோகார்மியா என்று பெயர் என்றும் அவர் விளக்கினார். உடல் முன்னால் சாய்வதை ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார் என்பதைப் பின்னர் படித்தபோது, அந்த ஏழு மாதங்களை நினைத்து எரிச்சல்தான் வந்தது.

சிகிச்சை மாத்திரைகளிலிருந்து தொடங்கியது. நடுக்குவாதத்துக்காக முந்தைய ஆண்டில் சேர்த்திருந்த பிரமிபெக்சோல் என்ற மாத்திரை சிலருக்கு இந்த வளைவைக் கூட்டக்கூடும் என்பதால், திடீரென நிறுத்தாமல், மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். நடுக்குவாதத்தின் முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாகக் கொடுக்கச் சொன்னார்கள். புரதம் அந்த மருந்து உறிஞ்சப்படுவதோடு போட்டியிடுமாம். மூன்று வேளையும் மீன் உண்ணும் வீட்டில் இது எளிதான மாற்றம் அன்று. நடை துடிப்பானது, முதுகோ கொஞ்சம்தான் நிமிர்ந்தது. லெவோடோபாவுக்கு இந்த வளைவு பெரும்பாலும் மசியாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் சோர்ந்துபோகவில்லை. வயிற்றுத் தசையைத் தளர்த்தப் போடும் போட்டுலினம் ஊசியின் பலன் நிச்சயமில்லை, கிடைத்தாலும் சில மாதங்களே நிற்கும் என்றதால் அதை வேண்டாம் என்றோம். மூளையில் மின்முனை பொருத்தும் அறுவைக்கு அப்பாவே மறுத்துவிட்டார்.

உண்மையில் உதவியவை மலிவானவை. எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்து முறிவு அபாயம் இல்லை என்று உறுதியான பிறகே, இயன்முறை மருத்துவர் பயிற்சிகளைத் தொடங்கினார். காலையும் மாலையும் குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவதும், கட்டில் ஓரத்தில் ஒரு காலைத் தொங்கவிட்டு இடுப்பின் முன்தசையை நீட்டுவதும், சுவரில் முதுகை ஒட்டி நிற்பதும் வழக்கமாயின. என் மகளின் பழைய பள்ளிப் பையில் இரண்டு கிலோ மணலை நிரப்பி, பை இடுப்பளவில் தொங்கும்படி வாரைத் தளர்த்தி மாட்டியபோது, பின்னிழுப்பால் அவர் நிமிர்ந்ததைக் கண்டு அம்மா சிரித்தே விட்டார். ஏற்கெனவே வாங்கியிருந்த தாழ்வான வாக்கர் அவரை மேலும் குனியவைத்ததால், முன்கைகளை ஊன்றும் உயரமான சட்டத்தை இராமநாதபுரத்தில் ஒரு பட்டறையில் செய்துகொண்டோம்.

ஒவ்வொரு ஞாயிறும் அவரைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்தேன். ஆறு மாதத்தில் ஏறத்தாழ 60 பாகை வளைவு 40 பாகையாகக் குறைந்தது. இப்போது மாலையில் கடற்கரைக்கு அவரே நடந்து போகிறார். பாதி வழியில் மீண்டும் வளையத் தொடங்கிவிடுவார் என்பதால், அங்கே ஒரு வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று போட்டு வைத்திருக்கிறோம்.