கரடிக்கு வைத்த படையல்

சிவபூசையில் கரடி புகுந்த மாதிரி என்பார்கள். இது கரடிக்கே படையல் வைத்துக் கூப்பிட்டும் அது வராத கதை.

போன கோடையின் கடைசியில் வேலைத்தள நண்பர் ஒருவர், கனடாவில் சட்பரி நகரத்துக்கு அங்கால் உள்ள காட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். கறுப்புக் கரடி வேட்டைக்கான லைசென்ஸ் அவரிடம் இருந்தது. என்னிடம் வான் இருந்தது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வானுக்குள் கரடியை இழுக்கும் இரையாக நாலு மூட்டை பழைய டோனட், ஓட்ஸ், பாணி, இரண்டு வாளி பொரித்த எண்ணெய், ஒரு சின்னப் போத்தல் சோம்பு எண்ணெய். பாரி நகரம் தாண்டுவதற்குள் ஒரு வாளி கவிழ்ந்துவிட்டது.

“எண்ணெய் முக்கியம்” என்றார் நண்பர். கரடி அதை மிதித்துவிட்டுப் போகுமாம். அது போகும் வழியெல்லாம் மணம் பரவி மற்றக் கரடிகளையும் இழுத்து வருமாம். பனிக்காலத் தூக்கத்துக்கு முன் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை தின்னும். எனக்கு டொக்டர் கொடுத்த கணக்கு 1,800.

இரையை வீடுகளுக்குக் கிட்ட வைக்கக் கூடாது, 500 மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். அதனால் நுளம்புக்கடியில் வாளி தூக்குவது என் பதவி. இரை போட்ட பீப்பாயைக் கரடி உருட்டிக்கொண்டு போகாமல் மரத்தோடு சங்கிலி போட்டோம், எதிர் மரத்தில் கமெரா கட்டினோம். சோம்பு எண்ணெயைத் தெளித்ததும் காடே ரோல்ஸ் கடை மாதிரி மணத்தது.

அப்போதுதான் நண்பர் பதறினார். “சொக்லேற் டோனட்டை எல்லாம் பொறுக்கி எடு!” சொக்லேற் கரடிக்கு நஞ்சு. 2014இல் நியூ ஹாம்ஷயரில் இரைவைத்த இடத்தில் அதைத் தின்று நாலு கரடிகள் செத்தனவாம். கரடியைச் சுடப்போகிறவருக்கு அதன் உடல்நலத்தில் இவ்வளவு அக்கறை! பொறுக்கினேன். பொறுக்கியதைக் காட்டில் எறியவும் முடியாது. சரி, மூன்று நாள் பழசுதான்.

இரண்டு கிழமை கழித்து நண்பர் கமெராப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். ரக்கூன், ரக்கூன், அணில், திரும்பவும் ரக்கூன். அந்த வருடம் புளூபெரி நன்றாகக் காய்த்திருந்ததாம். காட்டில் வீட்டுச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது கடைச் சாப்பாட்டை எந்தக் கரடி தேடும்?

ஃபோன் மனைவியின் கையில் இருந்தது. முதல் படத்திலேயே நின்றுவிட்டார். இரண்டு கன்னமும் உப்பி, வாயோரம் சொக்லேற் வழிய, நான்.

“கரடி வரேல்லை எண்டு ஆர் சொன்னது?” என்றார். “இஞ்ச வடிவா நிக்குதே.”

அன்றிரவு பாவற்காய்க் கறி.