பாமினியில் கிடந்த ரப்பர்க் கணக்கு

மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் 97-இல் எழுதிய கொள்முதல் கணக்கு ஒருவழியாகப் புது ஆக்சஸுக்கு வந்துவிட்டது. குலசேகரத்தில் ஒரு ரப்பர் கொள்முதல் கடை, நாலு கம்ப்யூட்டர், எல்லாருக்கும் ஒரே கோப்பு. மாசியில் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கும் சமயம் பார்த்துத் தொட்டதால் பிழைத்தோம். ரப்பர் ஷீட் வரத்து இருக்கும் மாதமாக இருந்திருந்தால் கடையைத்தான் சாத்தியிருக்கணும்.

97 கோப்பை ஆக்சஸ் 2013-ஓ அதற்குப் பின் வந்தவையோ திறக்காது. நடுவில் 2007 அல்லது 2010 உள்ள ஒரு மெஷின் வேண்டும். நாகர்கோவிலில் ஒரு சென்டரில் 2010 இருப்பதாகக் கேள்விப்பட்டு, எம்டிபி கோப்பை (97-இன் டேட்டாபேஸ் கோப்பு) பென்டிரைவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியாச்சு. அங்கே போட்டால் ‘அனுமதி இல்லை’ என்று நிற்கிறது. “ஃபைல் கெட்டுப் போச்சு சார், புதுசாவே எழுதிடலாம்” என்று விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார் அங்கிருந்தவர். கோப்பு கெடவில்லை. அந்தக் காலத்தில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எம்டிடபிள்யூ என்ற தனிக் கோப்பில் இருக்கும். அது பழைய சர்வரிலேயே கிடந்தது. அன்றைய நாள் போச்சு. பழைய ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியைப் படித்தால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்து எடுத்துப் போனபோது பத்தே நிமிஷத்தில் ஏசிசிடிபி என்ற புது வடிவக் கோப்பாக ஆகிவிட்டது. ஒன்று மட்டும்: ஏசிசிடிபியில் ஆளாளுக்கு உரிமை பிரிக்கும் அந்த ஏற்பாடு கிடையாது. மாறியதும் எல்லாரும் எல்லாவற்றையும் திறக்கலாம்.

மாற்றியதும் தேதிக் கணக்கு எல்லாம் பிழை காட்டும். தேதியைத் திருத்தப் போகாதீர்கள், கோளாறு காணாமல் போன இணைப்பில். ஆக்சஸுக்குள் புரோகிராம் எழுதும் விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் போய், ‘மிஸ்ஸிங்’ என்று இருப்பதன் டிக்கை எடுங்கள். எங்களிடம் இரண்டு இருந்தன: டேபிள்களைத் தொட உதவும் பழைய டிஏஓ, இன்னொன்று காலண்டர் கன்ட்ரோல். காலண்டர் 2010-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. அந்தக் கட்டத்துக்குத் தேதி ஃபார்மட் கொடுத்தால் சின்னக் காலண்டர் தானாக வரும். 64 பிட் ஆபீஸ் என்றால் விபிஏயில் விண்டோஸ் ஃபங்ஷன்களைக் கூப்பிடும் டிக்ளேர் வரிகள் எல்லாவற்றிலும் பிடிஆர்சேஃப் என்ற சொல்லைச் சேர்க்கணும்.

வீணாய்ப் போன அந்த நாளைத் தவிர, இவ்வளவும் ஒரு நாள் வேலை. மீதிப் பதினொரு நாளைத் தின்றது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் 97-க்குத் தெரியாது. அதனால் பெயர், ஊர், சரக்கு எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்து. பாமினியில் சின்ன எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. ஆக்சஸுக்குச் சின்னதும் பெரியதும் ஒன்றுதான். அதற்குக் கடையும் குடையும் ஒரே சொல். டேபிளை மொத்தமாகத் திருத்தும் அப்டேட் கொயரியில் ரீப்ளேஸ் ஃபங்ஷன் போட்டு ஓட்டியதும் குலசேகரம் ‘கலசேகரம்’ ஆனது. ரீப்ளேஸின் கடைசி இடத்தில் 0 கொடுத்தால் பைனரியாக, அதாவது சின்னதையும் பெரியதையும் பிரித்து ஒப்பிடும், அப்போதுதான் சரியாக வரும். முதல் ஓட்டத்தைக் காப்பியில் செய்திருந்ததால் தப்பினோம்.

நீளமான சேர்க்கையை முதலில் மாற்றணும்: கொ, கோ, கௌ முடிந்த பிறகு கெ, கே, அதன் பிறகு கா, கடைசியில்தான் தனி க. இதில் இன்னொரு குழி. கோதையாறு என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே எழுத்து, எண் 3019. சில மாற்றிகள் ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைத்துவிடும். திரையில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கீபோர்டில் அடித்துத் தேடினால் கோதையாற்றில் ஒரு ஆள்கூட வரமாட்டார். ஒகரத்துக்கு 3018.

ஆங்கிலம் கலந்த கட்டங்களைத் தனியாக ஒதுக்கிவிட்டு ஓட்டுங்கள். எங்கள் ஷீட் தரக் கட்டத்தில் ஆர்எஸ்எஸ்4 என்பது ‘சுளுளு4’ ஆகி நின்றது. ஜிஎஸ்டி ‘புளுவு’. கடையில் இப்போதும் வரியைப் புளுவு என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த வேலையில் ஒரு பழைய மர்மமும் அவிழ்ந்தது. சூசை என்று தொடங்கும் பெயர்கள் தேடலில் எப்போதும் சிக்காமல், புதிது புதிதாகப் பதிந்து இரண்டு மூன்றாகக் கிடந்தன. பாமினியில் ‘சூ’ என்பது ஹேஷ் குறி. லைக் போட்டுத் தேடும்போது ஆக்சஸ் அதை ‘ஏதாவது ஒரு இலக்கம்’ என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் சூசை எங்கே கிடைப்பார்?

எல்லாவற்றையும்விட மோசமானது சத்தமில்லாமல் வந்தது. மாத அறிக்கையில் ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர்) 0 கிலோ. பிழைச் செய்தி எதுவும் இல்லை. டேபிளில் ‘ஒட்டுப்பால்’ யூனிகோடுக்கு வந்துவிட்டது. கொயரியின் நிபந்தனையில் மட்டும் பாமினி அப்படியே இருந்தது. கொயரிகள், காம்போ பட்டியல்கள், லேபிள்கள், விபிஏ வரிகள் என்று ஒவ்வொன்றாகத் தேடணும். விபிஏ எடிட்டரில் தமிழ் அடித்தால் கேள்விக்குறியாகத்தான் நிற்கும். அதனால் சொற்களை ஒரு டேபிளில் வைத்து எடுங்கள், இல்லாவிட்டால் சிஎச்ஆர்டபிள்யூ ஃபங்ஷனில் யூனிகோட் எண்ணாகக் கொடுங்கள் (‘க’ 2965). வருஷவாரியாக வரிசை எண்ணிக்கையையும் கிலோ கூட்டலையும் மாற்றுவதற்கு முன்பே பிரின்ட் எடுத்து வைத்திருந்ததால்தான் இது பிடிபட்டது.

பகிர்வு: டேபிள்கள் மட்டும் உள்ள பின்பக்கக் கோப்பு சர்வரில், ஃபார்ம்கள் உள்ள முன்பக்கக் கோப்பின் நகல் ஒவ்வொரு மெஷினிலும். சர்வர் ஃபோல்டரில் எல்லாருக்கும் எழுதவும் அழிக்கவும் உரிமை வேண்டும், ஏனென்றால் எல்ஏசிசிடிபி பூட்டுக் கோப்பை உண்டாக்குவதும் அழிப்பதும் அவரவர் மெஷின்தான். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அழிக்கும் உரிமையை எடுத்த அன்று பூட்டுக் கோப்பு அழியாமலே கிடந்தது. யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று கோப்பைச் சுருக்கிச் சீராக்கும் காம்பேக்ட் செய்யவும் தயங்கினோம். எடைமேடையில் வைஃபையில் ஓடிய லேப்டாப்புக்குக் கேபிள் இழுத்தாச்சு. நடுவில் சிக்னல் அறுந்தால் கோப்பு கெடும். சர்வருக்கு யூபிஎஸ் கட்டாயம், நம்ம ஊர் மழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

பழைய மெஷின் நெட்வொர்க் வயர் கழற்றி மூலையில் இருக்கிறது, எம்டிடபிள்யூவோடு. ஆடிட்டர் இந்த வருஷக் கணக்கில் கையெழுத்துப் போடும்வரை அது அங்கேதான்.