சுற்றிச் சுற்றி ஒரு ஆடி

இன்று மானாமதுரையில் குயவர் சக்கரத்தின் மேல் ஒரு தண்ணீர்ச் சட்டி. சுற்றச் சுற்ற நடுவில் குழிந்து, ஓரத்தில் ஏறியது.

அந்தக் குழிவு அசல் பரவளைய வடிவம்; அதாவது நேராக வரும் ஒளியை ஒரே புள்ளியில் (குவியம்) சேர்க்கும் வளைவு. நிமிடத்துக்கு 30 சுற்று என்றால் குவியத்தூரம், அதாவது குழிவின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை, சுமார் 50 செ.மீ. வேகத்தை இரட்டித்தால் கால்வாசி.

அரிசோனாவில் 8.4 மீட்டர் தொலைநோக்கி ஆடிகளை இப்படித்தான் வார்க்கிறார்கள். போரோசிலிகேட் என்ற கண்ணாடிக் கட்டிகளை அச்சில் அடுக்கி, சுமார் 1165 டிகிரி செல்சியஸில் உருக்கி, உலையையே சுற்றுவார்கள். ராட்சத மாகெல்லன் என்ற தொலைநோக்கியின் ஆடிக்கு நிமிடத்துக்கு வெறும் 5 சுற்று. குவியத்தூரம் 18 மீட்டராச்சே!

வேகம் தடுமாறினால் வளைவு கெடும்.

உயிர் போவது ஆறவிடுவதில்தான். மாதக்கணக்கு. அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, விரிசல் விழும்.

அப்புறமும் மெருகேற்ற வருஷங்கள் ஆகும். ஆனால் சுற்றி வார்த்ததால், டன்கணக்கில் கண்ணாடியைக் குடைந்தெடுக்கும் வேலை மிச்சம்.