மீனை எண்ணத் தெரிந்தவர்களின் ஊர்

வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஓடம் ஆள் உயரத்தில் நின்றது. நான்கு மரக்கால்கள் நட்டு, அதன்மேல் ஓடத்தைத் தூக்கி வைத்து, மண் நிரப்பிக் கொத்தமல்லியும் வெங்காயத் தாளும் போட்டிருந்தார்கள். தோட்டத்துக்கு ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மா பேசாமல் சுவரைக் காட்டினார். என் தலைக்கும் மேலே, பலகையில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. தண்ணீர் நின்ற கோடு.

பிரேசிலின் அமசோனாஸ் மாநிலத்தில், மமிராவா என்ற காப்புப் பகுதிக்குள் இருக்கிறது இந்தச் சிற்றூர். சொலிமோயிஸ், ஜபுரா ஆறுகள் சேரும் மூலையில் 11 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விரிந்த காடு. (அமேசானின் மேல் பகுதியை அங்கே சொலிமோயிஸ் என்றுதான் சொல்கிறார்கள்.) மழைக்காலத்தில் ஆறு 10 முதல் 12 மீட்டர் ஏறும். நம் ஊர்க் கணக்கில் மூன்று மாடி. அப்போது காடு முழுக்கத் தண்ணீர்தான், மரங்களின் உச்சிக்கு நடுவே ஓடம் போகும். நான் போனது செப்டம்பர் கடைசி, தண்ணீர் வடிந்திருந்த காலம். ஒரே நிலம் அரை வருடம் வயலாகவும் அரை வருடம் ஆறாகவும் இருக்கிறது என்று படித்தபோது மனதில் பதியவில்லை. அந்தக் கோட்டின் கீழே நின்றபோது பதிந்தது.

போய்ச் சேர்வது லேசு இல்லை. மனாவுஸ் நகரிலிருந்து, காப்புப் பகுதிக்குப் பக்கத்து நகரமான தெஃபேவுக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், சாலை கிடையாது. பயணிகள் படகில் ஊஞ்சல் படுக்கையைக் கட்டிக்கொண்டு ஏறினால் ஏறக்குறைய இரண்டு நாள். தெஃபேயிலிருந்து விசைப்படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய், உவாகாரி என்ற மிதக்கும் விடுதியில் தங்கினேன். தண்ணீரில் மிதக்கும் பெருமரத் துண்டுகளின் மேல் கட்டிய வீடுகள் அவை. வழிகாட்டிகளும் சமைப்பவர்களும் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். எனக்கு மொழிபெயர்த்த தம்பியும் அப்படித்தான், பக்கத்து ஊர்ப் பையன்.

மேலே போகும் முன் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆத்தூர்ப் பக்கம். எங்கள் காட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி; ஊரைச் சுற்றி அதிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள். திப்பி என்ற கிழங்குச் சக்கையின் புளித்த வாடையில் வளர்ந்தவன். அந்தக் கிழங்கு போர்ச்சுகீசியர் வழியாக நம் பக்கம் வந்தது, அதன் தாய்நிலம் அமேசானின் தென்மேற்கு ஓரம் என்று தெரிந்த நாளிலிருந்தே இந்த ஆற்றுக்கு வர ஆசை. தெஃபே ஏரிக்கரையில் மேட்டு நிலத்து ஊர் ஒன்றில் மாவு வறுக்கும் கொட்டகைக்குக் கூட்டிப் போனார்கள். கூரைக்குக் கீழே கால் வைத்ததுமே அந்த வாடை! பதினைந்தாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து எங்கள் ஊருக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அங்கே விளைவது கசப்பு ரகம், அப்படியே தின்றால் விஷம். கிழங்கைத் தண்ணீரில் ஊறப் போட்டு, மசித்து, திபிதி என்ற நீளமான பின்னல் குழாய்க்குள் அடைக்கிறார்கள். குழாயை மேலே கட்டித் தொங்கவிட்டு, கீழ் முனையில் ஒரு கம்பைச் செருகி அதில் ஒருவர் உட்கார்ந்தால், குழாய் நீண்டு ஒடுங்கி மஞ்சள் சாற்றைப் பிழிந்து விடும். அப்புறம் சலித்து, குலுக்கிக் குலுக்கிச் சிறு மணியாக உருட்டி, அகலமான தட்டில் துடுப்பால் தள்ளித் தள்ளி வறுக்கிறார்கள். உவாரினி ஊர்ப் பெயரில் விற்கும் இந்த மணி மாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பினேன். மஞ்சள் நிற ஜவ்வரிசி! சேகோ குலுக்குவதைக் கைபேசியில் காட்டியதும் கொட்டகையே கூடிவிட்டது. துடுப்பு பிடித்திருந்த பெரியவர் என் கைபேசியைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

மமிராவாவுக்குள் மேட்டு நிலமே இல்லை. தண்ணீர் வடிந்ததும் நட்டு, அடுத்த வெள்ளத்துக்குள் தோண்டியாக வேண்டும். அதற்கென்றே ஆறு மாதத்தில் விளையும் ரகங்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் எட்டு, பத்து மாதம் ஆகும். வெள்ளம் ஒரு மாதம் முந்தினால் அந்த வருடம் மாவு இல்லை.

சரி, இப்படிப்பட்ட இடத்தில் ஏன் இருக்கிறார்கள்? இனியும் இருப்பார்களா? போகும்போது என் மனதில் இருந்த கேள்வி இதுதான். அதற்கு அவர்கள் காட்டிய பதில் மீன்.

பிரருக்கு என்று ஒரு மீன். மூன்று மீட்டர் வரை நீளும், 200 கிலோ வரை எடை வரும். வெளியூர்ப் படகுகளும் உள்ளூர் ஈட்டிகளும் சேர்ந்து அள்ளியதில் அருகிப்போய், 1996-இல் மாநிலம் முழுக்க அதைப் பிடிக்கத் தடை வந்தது. 1999-இல் மமிராவாவின் சில ஊர்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்தார்கள். உங்கள் ஏரியை நீங்களே காவல் காத்து, மீனை எண்ணிக் கணக்குக் கொடுங்கள், வளர்ந்த மீனில் அதிகபட்சம் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

தண்ணீருக்குள் இருக்கும் மீனை எப்படி எண்ணுவது? பிரருக்கு காற்றை விழுங்கி மூச்சு விடும் மீன். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு முறையாவது மேலே வந்தே தீர வேண்டும். அந்த இருபது நிமிடம்தான் கணக்கு.

எண்ணிக்கை நடந்த காலையில் என்னையும் ஓடத்தில் ஏற்றிக்கொண்டார்கள். ஏரியைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு பகுதி. பேச்சு இல்லை, துடுப்பு அசையவில்லை. என் முன்னால் இருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடது கையில் சின்ன நோட்டு, வலது காதோரம் பென்சில். 'ப்ளுக்' என்று ஒரு சத்தம் வந்தால் நான் திரும்புவதற்குள் வளையம்தான் மிச்சம். அவர் தலையைக்கூடத் திருப்பாமல் ஒரு கோடு போட்டார். பெரியதற்கு ஒரு பத்தி, ஒன்றரை மீட்டருக்குக் குறைந்ததற்கு இன்னொரு பத்தி. நேரம் முடிந்தபோது நான் பார்த்தேன் என்று சொல்லக்கூடியது மூன்று. அவர் நோட்டில் பதினொன்று. ஒரே மீனை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டீர்களா என்று கேட்டேன். சத்தம் வேறு, முதுகு வேறு, தண்ணீர் விலகும் விதம் வேறு என்றார். ஆய்வாளர்கள் மீன்களைப் பிடித்துக் குறியிட்டு விட்டு, அந்த முறையில் எண்ணிப் பார்த்தபோதும் இவர்கள் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கிறது. பள்ளியை முடிக்காத மனிதர்களின் காதும் கண்ணும் அரசு ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கின்றன. இதைப் போல மதிப்பான ஓர் ஏற்பாட்டை என் பயணங்களில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை. மீனும் பல மடங்கு பெருகியிருக்கிறது.

ஆனால் காவல் சும்மா வருவதில்லை. ஏரி வாயில் ஒரு மிதக்கும் குடிசை, அதில் முறை வைத்து இரவும் பகலும் ஆள். திருட்டு மீன்பிடிப்பவர்கள் துப்பாக்கியோடும் வருவார்கள். 2022 ஜூனில் இதே மாநிலத்தின் ஜவாரிப் பள்ளத்தாக்கில், பழங்குடி மக்களுக்காக உழைத்த புரூனோ பெரேரா, பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டாம் ஃபிலிப்ஸ் இருவரும் கொல்லப்பட்டதும் இதே திருட்டு மீன்பிடிப்பின் பின்னணியில்தான். அந்தக் குடிசையில் காவல் இருப்பவருக்குத் தினக்கூலி இல்லை. வருடக் கடைசியில் மீன் விற்றால் பங்கு. பனிக்கட்டி, டீசல், தரகர் எல்லாம் போக மிஞ்சுவதுதான் மோட்டாருக்கும் கூரைத் தகரத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும். சந்தைக்கு வெகு தூரத்தில் இருப்பவருக்கு விலை சொல்லும் பலம் இல்லை. இதைக் கேட்டபோது குச்சிக்கிழங்கு விலைக்காக ஆலை வாசலில் நிற்கும் என் அப்பா முகம்தான் நினைவுக்கு வந்தது.

கொத்தமல்லி ஓடத்து அம்மாவின் மகளுக்குப் பதினேழு வயது. மேல்நிலைப் பாடம் மனாவுஸிலிருந்து செயற்கைக்கோள் வழியாகத் திரையில் வருகிறது. 2007 முதல் மாநில அரசு தொலைவு ஊர்களுக்கு இப்படித்தான் பாடம் நடத்துகிறது. டீசல் இருந்தால் ஜெனரேட்டர் ஓடும், வகுப்பு நடக்கும். நர்ஸ் படிக்க தெஃபேவுக்குப் போக வேண்டும் என்றாள். திரும்பி வருவாயா என்று கேட்டேன். "ஏரியில் மீன் இருந்தால் இங்கே ஆள் இருப்பார்கள். ஆள் இருந்தால் நர்ஸ் வேண்டுமே" என்றாள்.

அவளிடம் ஒரு பயமும் இருந்தது. 2021-இல் மனாவுஸ் அளவுகோலில் ஆற்று மட்டம் 30.02 மீட்டரைத் தொட்டது. இரண்டே வருடத்தில், 2023-இல், 12.70 மீட்டருக்கு இறங்கியது. 2024-இல் அதற்கும் கீழே. 2023-இல் தெஃபே ஏரித் தண்ணீர் 39 டிகிரியைத் தாண்டிச் சூடாகி, 150-க்கும் மேற்பட்ட ஓங்கில்கள் (டால்பின்கள்) செத்து ஒதுங்கின. ஊருக்கு வரும் கால்வாய் சேறாகிப் போய், குடிதண்ணீரைத் தலையில் சுமந்து நடந்தோம் என்றாள். பிடிக்க அனுமதி இருந்த மீனைக்கூட வெளியே கொண்டுபோக வழியில்லையாம். வெள்ளத்துக்கு ஓடத்தைத் தூக்கி வைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆறே வராமல் போனால் என்ன செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. புவியைச் சூடாக்கும் கரிப்புகையைக் காற்றில் கலப்பதில் அந்த ஊரின் பங்கு ஒரு ஜெனரேட்டர், சில மோட்டார். இந்த அநியாயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கிளம்பும் நாள் காலையில் அவள் அப்பா எண்ணிக்கை நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார். அவள் ஒவ்வொரு பக்கமாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவர் எண்ணியதை அவள்தான் படிவத்தில் ஏற்ற வேண்டுமாம். ஒரு பக்கத்தில் நிறுத்தி, இது ஏழா ஒன்றா என்று கேட்டாள். அவர் கண்ணை மூடி அந்த இடத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, ஏழு என்றார்.