தம்பியின் மூளையைத் தொட்ட மலேரியா

நைஜீரியாவில் கட்டுமான வேலையில் இருந்த என் தம்பி, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்கு வந்து இறங்கிய ஒன்பதாம் நாள் காய்ச்சலில் படுத்தான். பக்கத்தில் இருந்த மருத்துவர் வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று கருதி டெங்கு சோதனை எடுத்தார். அதில் எதுவும் தெரியவில்லை என்றதும் காய்ச்சல் மாத்திரை தந்து அனுப்பினார். அவன் எங்கிருந்து வந்தவன் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அந்த ஒரு தகவலை முதல் நாளே சொல்லியிருந்தால் பின்னால் பட்டதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் இரவு அவன் பேச்சு குழறியது. எதிரில் நின்ற அப்பச்சியை யாரென்று கேட்டான். விடியும் நேரத்தில் வலிப்பு வந்தது. வீட்டில் ஒருவர் அவன் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்க ஓடினார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்காது என்பதால் நான் அவரைத் தடுத்து, தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வலிப்பு ஓய்ந்த பிறகும் நினைவு திரும்பாததால், காரில் ஏற்றி மதுரைக்கு விரைந்தோம்.

அங்கே பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் முதலில் கேட்டதே, "கடைசி ஒரு மாசத்துல வெளியூர், வெளிநாடு எங்கேயாவது போயிருந்தாரா?" என்பதுதான். நைஜீரியா என்றதும் விரல் நுனியில் ரத்தம் எடுத்து முதலில் சர்க்கரையைப் பார்த்தார். அது 42 தான் இருந்தது. ஒட்டுண்ணிகள் சர்க்கரையைத் தின்றுவிடுவதாலும், நோயின் கடுமையில் கல்லீரலால் போதிய சர்க்கரையை உண்டாக்க முடியாமல் போவதாலும் இப்படிக் குறையும் என்றும், அந்தக் குறைவே மயக்கத்தை ஆழமாக்கும் என்றும் விளக்கிக்கொண்டே குளுக்கோஸை ஏற்றினார். சற்று நேரத்தில் ரத்தப்படல அறிக்கையும் வந்தது: மலேரியாவில் மிகக் கடுமையான வகையான ஃபால்சிபாரம் மலேரியா. மூளைக்காய்ச்சல் இல்லை என்று உறுதிசெய்ய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள்.

மலேரியாக் கிருமி மூளைக்குள் நுழைந்துவிட்டது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை என்பதை அந்த மருத்துவர் பொறுமையாகப் புரியவைத்தார். ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளேயே வளர்கிறது. வளர வளர அந்த அணுவின் மேற்பரப்பில் சிறு முடிச்சுகள் தோன்றுகின்றன. அவற்றால் அது மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்கிறது. குழாய்கள் அடைபட்டு, சுவர்கள் கசிந்து, மூளை வீங்க நேர்வதால் நினைவு தவறுகிறது. முதிர்ந்த ஒட்டுண்ணிகள் இப்படி உள்ளே பதுங்கிக்கொள்வதால், கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் தெரியும் எண்ணிக்கை உடம்பில் உள்ளதைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்றார். கண் மருத்துவர் வந்து விழித்திரையைப் பார்த்தபோது வெண்திட்டுகளும் ரத்தக்கசிவுகளும் இருந்தன. மூளையில் நடப்பதை வெளியிலிருந்து காட்டித்தரும் ஜன்னல் அதுதானாம்.

மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்லும் ஆர்ட்டிசுனேட் ஊசியை எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 2.4 மில்லிகிராம் கணக்கில், உடனேயும் 12, 24 மணி நேரங்களிலும், பிறகு நாளுக்கு ஒரு முறையும் போட்டார்கள். மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுக்கச் சொல்லுங்கள் என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் வற்புறுத்தினார். மருத்துவர் மறுத்துவிட்டார், தாய்லாந்தில் நடந்து 1982இல் வெளியான ஆய்வில், அந்த மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு மயக்கம் நீண்டதுதான் தெரியவந்தது என்றார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஆத்தா இரண்டு இரவுகள் உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் காலையில் தம்பி கண் திறந்து தண்ணீர் கேட்டான். காரில் வந்தது, வலிப்பு, அப்பச்சியை அடையாளம் தெரியாமல் போனது எதுவும் அவன் நினைவில் இல்லை.

ஊசி முடிந்ததும் மூன்று நாள் மாத்திரை தந்தார்கள். அதோடு முடியவில்லை. ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் சிலருக்குச் சில நாள்கள் கழித்துச் சிவப்பணுக்கள் உடையக்கூடும் என்பதால் நான்கு வாரங்கள் வாரம் ஒரு முறை ரத்தம் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாம் வாரம் ஹீமோகுளோபின் 8.6 ஆக இறங்கியபோது மறுபடியும் கலங்கினோம். நான்காம் வாரம் அது ஏறத் தொடங்கியது.

பெரியவர்களில் பிழைத்தெழுந்தோர் பெரும்பாலும் முழுமையாகத் தேறுகிறார்கள். குழந்தைகளுக்குத்தான் வலிப்பும் கற்றல் குறைகளும் அதிகம் தங்கிவிடுகின்றன என்றார் மருத்துவர். தம்பிக்கு இரண்டு மாதம் வரை மனக்கணக்கு பிடிபடவில்லை. தினமும் சாயங்காலம் அப்பச்சி பட்டாலையில் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுச் செலவைக் கூட்டச் சொல்வார். தப்பு வந்தால் திருத்தாமல், மறுபடி முதலிலிருந்து கூட்டச் சொல்லிக் காத்திருப்பார்.